ஜாகுவாரும் அஸ்டன் மார்ட்டினும்

பழம்பொருள் சேகரிப்போர் பல திறத்தினர். நாணயம் தேடுவோர் உளர். முத்திரை சேர்ப்போர் உளர். ஓவியங்களுக்காகப் பெருஞ்செல்வத்தைச் செலவிடுவோரும் உளர். இவர்கள் சேர்க்கும் பொருள்கள் பெட்டிக்குள்ளும் சுவர்மீதும் அமைதியாக இருப்பவை. மோட்டார் வண்டியைச் சேகரிப்பவனுடைய நிலை வேறு. அவன் சேர்க்கும் பொருள் ஓடுவதற்கென்றே பிறந்தது, ஓடினால் தேய்வது, ஓடாது நின்றாலோ, தேய்வதிலும் விரைவாகக் கெடுவது. ஆகையால் பழைய மோட்டார் வண்டி ஒன்றை வாங்க எண்ணுபவன் அதன் அழகையும் புகழையும் மாத்திரம் ஆராய்ந்து அமைதல் இயலாது. அஃது எவ்வாறு செய்யப்பட்டது, எவ்வாறு கெடும், கெட்டால் எவரால் திருத்த முடியும் என்ற மூன்று கேள்விகளையும் அவன் கேட்டேயாக வேண்டும்.

இக்கேள்விகளின் பயனை உணர்வதற்கு, இங்கிலாந்திலே ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றிய இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்திப் பார்த்தல் நல்லது. ஒன்று, 1961ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப். மற்றது, 1963ஆம் ஆண்டில் வெளிவந்த அஸ்டன் மார்ட்டின் டி.பி. 5. இரண்டும் 'கிராண்ட் டூரிங்' என்னும் வகையைச் சேர்ந்தவை. இப்பெயர் இத்தாலிய மொழி வழக்கிலிருந்து வந்தது. இருவர் தம் பயணப் பெட்டிகளுடன் ஏறியமர்ந்து, பல நூறு மைல் தூரத்தை ஒரே நாளில், உடல் சோராமல், மிகுந்த வேகத்துடன் கடத்தற்கு உரிய வண்டியையே அச்சொல் குறிக்கின்றது. பந்தய வண்டியின் வலுவும் வீட்டு வண்டியின் வசதியும் அதில் ஒருங்கே அமைதல் வேண்டும்.

முதலில் ஜாகுவாரின் வரலாற்றைப் பார்ப்போம். வில்லியம் லயன்ஸ் என்பவர் 1922ஆம் ஆண்டிலே பிளாக்பூல் நகரத்தில், ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து, மோட்டார் சைக்கிளின் பக்கத்திலே பூட்டும் இருக்கைப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கினார். அத்தொழிலே பின்னர் கொவென்றி நகருக்குப் பெயர்ந்து, மோட்டார் வண்டித் தொழிலாக வளர்ந்தது. காண்போர் கண்ணைக் கவரும் வண்டியை, அவர்கள் எதிர்பார்க்கும் விலையிலும் குறைந்த விலைக்குக் கொடுப்பது லயன்ஸ் கையாண்ட வாணிப முறை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், குண்டுவீச்சால் தொழிற்சாலையில் தீ மூளாதவாறு இரவுக் காவல் இருந்த அவருடைய பொறியியலாளர்கள், அந்தக் காவல் வேளைகளிலேயே போருக்குப் பின் செய்ய வேண்டிய எஞ்சினைப் பற்றி ஆலோசித்தனர். அவ்வாறு உருவான ஆறு சிலிண்டர் எஞ்சின் 1948ஆம் ஆண்டில் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே காட்சிக்கு வந்தது. பிரான்சில் நடைபெறும் லே மான் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில், 1951ஆம் ஆண்டிற்கும் 1957ஆம் ஆண்டிற்கும் இடையில் ஜாகுவார் வண்டிகள் ஐந்து முறை வெற்றி பெற்றன. ஐந்து முறையும் அவற்றை இயக்கியது அந்த எஞ்சினே.

அப்பந்தய வண்டிகளின் உருவத்தை வகுத்தவர் மல்கம் சேயர். அவர் முன்னர் பிரிஸ்டல் விமானக் கம்பனியிலே பணியாற்றியவர். காற்றைக் கிழித்துச் செல்வதற்கு ஏற்ற வளைவுகளைக் கணிதத்தின் துணைகொண்டு வகுக்கும் வழக்கமுடையவர். ஈ-டைப் வண்டியின் நீண்ட மூக்கும் உருண்ட பக்கங்களும் அந்தக் கணிதத்தின் பயனாகத் தோன்றியவை. 1961 மார்ச் மாதத்தில் ஜெனீவா நகரில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, ஏறிப் பார்க்க விரும்பியோர் தொகை மிகுந்துவிட்டது. உடனே இரண்டாவது வண்டி ஒன்றைக் கொண்டுவருமாறு கட்டளை பிறந்தது. பரீட்சைச் சாரதியான நோர்மன் டூயிஸ் கொவென்றியிலிருந்து இரவோடிரவாக அதனை ஓட்டிச்சென்று சேர்த்தார். நெடும்பயண வண்டி என்ற பெயருக்கு அப்பயணமே தக்க சான்றாக அமைந்தது.

அஸ்டன் மார்ட்டினின் கதை வேறு விதமானது. 1913ஆம் ஆண்டில் தொடங்கிய அந்நிறுவனம், பலருடைய கைகளுக்கு மாறி, பலமுறை பணமுடையால் தள்ளாடியது. பல்சக்கரங்களும் உழவு இயந்திரங்களும் செய்து பொருளீட்டிய டேவிட் பிறவுண் என்னும் தொழிலதிபர், பத்திரிகை விளம்பரம் ஒன்றைக் கண்டு, 1947ஆம் ஆண்டில் அதனை வாங்கினார். 'டி.பி.' என்பன அவருடைய பெயரின் முதலெழுத்துக்களே. 1958ஆம் ஆண்டில் டி.பி. 4 என்னும் வண்டி வெளிவந்தது. அதன் உடலமைப்பு மிலான் நகரத்து டூரிங் நிறுவனத்தாரால் வகுக்கப்பட்டது. அதன் அலுமினிய எஞ்சின் போலந்து நாட்டவரான டாடெக் மாரெக் என்னும் பொறியியலாளரால் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில், நெடுநேரம் மிகுவேகத்தில் ஓட்டும்போது அந்த எஞ்சினின் எண்ணெய் அளவுக்கு மிஞ்சிச் சூடேறித் தொல்லை கொடுத்தது. பின்வந்த வண்டிகளில் அக்குறை படிப்படியாக நீக்கப்பட்டது. அவ்வாறு திருந்தி, எஞ்சினும் ஏறக்குறைய நான்கு லீற்றர் அளவுக்குப் பெரிதாகி வந்ததே டி.பி. 5.

இனி இவ்விரண்டும் செய்யப்பட்ட முறையை நோக்குவோம். ஈ-டைப் வண்டியின் நடுவுடல் உருக்குத் தகடுகளை அழுத்தி வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த கூடாகும். தனியான சட்டம் அதற்கு இல்லை. கூடே சட்டமாகவும் நின்று பாரத்தைத் தாங்குகின்றது. முன்புறத்திலே சதுரக் குழாய்களாலான சட்டகம் ஒன்று பூட்டப்பட்டு, எஞ்சினையும் முன்சில்லுகளையும் ஏந்தி நிற்கின்றது. விமானத் தொழிலிலிருந்து பெற்ற அறிவு இது. டி.பி. 5 வண்டியிலோ, உருக்கினாலான அடித்தளத்தின்மீது மெல்லிய உருக்குக் குழாய்களால் ஓர் எலும்புக்கூடு எழுப்பப்படுகின்றது. அதன்மேல், தொழிலாளர் கையினால் தட்டி வளைத்த அலுமினியத் தகடுகள் தோல்போலப் போர்த்தப்படுகின்றன. இத்தாலியர் இம்முறைக்கு 'சூப்பர்லெஜெரா' என்று பெயரிட்டனர். மிக இலேசானது என்பது அதன் பொருள்.

முதலாவது முறை தொகையாகச் செய்வதற்கு ஏற்றது. இரண்டாவது முறை ஒவ்வொன்றாகச் செய்வதற்கே ஏற்றது. இதன் விளைவை எண்களிலே காணலாம். 1961 தொடக்கம் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக, 72,000 இற்கு மேற்பட்ட ஈ-டைப் வண்டிகள் வெளிவந்தன. டி.பி. 5 வண்டிகளோ, 1963 தொடக்கம் 1965 வரையில், நியூபோர்ட் பாக்னல் என்னும் சிற்றூரிலே, ஆயிரத்தைச் சற்றே கடந்த தொகையில் மாத்திரம் செய்யப்பட்டன. ஈ-டைப் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை, வரி உட்பட, ஏறத்தாழ 2,100 பவுண். டி.பி. 5 வண்டியின் விலை 4,000 பவுணுக்கு மேல்.

விலை இரு மடங்காயின், சிறப்பும் இரு மடங்காக இருக்குமோ? பொறியியல் நோக்கில் அதற்கு 'ஆம்' என்று விடை சொல்ல இயலாது. ஈ-டைப் வண்டியின் 3.8 லீற்றர் எஞ்சினுக்கு 265 குதிரை வலு என்றும், டி.பி. 5 வண்டியின் எஞ்சினுக்கு 282 குதிரை வலு என்றும் உற்பத்தியாளர் அறிவித்தனர். எனினும் டி.பி. 5 ஏறத்தாழ 200 கிலோ கூடிய பாரமுடையது. மணிக்கு 150 மைல் வேகம் என்று ஈ-டைப்பிற்குச் சொல்லப்பட்ட புகழ், பத்திரிகையாளரின் பரீட்சைக்கென்று நன்கு செப்பஞ்செய்த வண்டிகளால் வந்தது. சாதாரணமாக வாங்கிய வண்டி அவ்வெல்லையைத் தொடுவது அரிது. ஆயினும் வேகத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. பின்சில்லுகளின் அமைப்பிலோ, விலை குறைந்த வண்டியே முன்னேற்றம் உடையது. ஈ-டைப்பின் பின்சில்லுகள் இரண்டும் தனித்தனியே மேடுபள்ளங்களுக்கு இசைந்து அசையக்கூடியவை. டி.பி. 5 வண்டியில் இரண்டு பின்சில்லுகளையும் ஒரே உறுதியான அச்சு இணைக்கின்றது; ஆகையால் ஒரு சில்லு கல்லில் ஏறினால் மற்றச் சில்லும் அதனை உணரும்.

நெடும்பயணத்துக்குரிய வசதிகளில் அஸ்டன் மார்ட்டின் முந்திநிற்கின்றது. அதன் பெற்றோல் தாங்கி 19 கலன் கொள்ளும். ஈ-டைப்பின் தாங்கி 14 கலன் கொள்ளும். அதிற் சிறுவர்க்குப் பின்னிருக்கை உண்டு. தோலால் போர்த்த அகன்ற இருக்கைகள் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் ஐந்து கியர்கள் உண்டு. முதல் ஈ-டைப் வண்டிகளில் நான்கு கியர்களே. அவற்றுள்ளும் முதற்கியரை ஓட்டத்தின்போது போடுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். இருக்கைகளும் பிரேக்குகளும்கூடக் குறைகூறப்பட்டன. 1964ஆம் ஆண்டின் இறுதியில் 4.2 லீற்றர் எஞ்சினுடன் வெளிவந்த வண்டிகளில் இக்குறைகள் பெரும்பாலும் தீர்க்கப்பட்டன.

இவ்வளவும் வண்டிகளின் தன்மை. சந்தையின் தன்மையோ வேறொன்று. இன்றைய ஏலங்களிலே, நல்ல டி.பி. 5 ஒன்றின் விலை நல்ல ஈ-டைப் பலவற்றின் விலைக்கு ஈடாக நிற்கின்றது. அன்று இரு மடங்காக இருந்த வேறுபாடு இன்று பன்மடங்காகிவிட்டது. தொகை குறைவென்பது இதற்கு ஒரு காரணம். 1964ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோல்ட்ஃபிங்கர்' என்னும் திரைப்படம் மற்றொரு காரணம். அப்படத்தில் ஜேம்ஸ் பொண்ட் என்னும் உளவாளி ஓட்டியது வெள்ளிநிற டி.பி. 5 வண்டி. அப்படத்திற் பயன்பட்ட வண்டி ஒன்று 2010ஆம் ஆண்டில் இலண்டன் ஏலத்தில் 26 இலட்சம் பவுணுக்குக் குறையாத விலைக்குப் போயிற்று. திரையிலே தோன்றாத அதன் உடன்பிறப்புக்களும் அந்தப் புகழில் பங்குகொண்டன.

புகழே விலையை வகுக்கின்றது என்பதற்கு மேலும் தெளிவான சான்று உண்டு. 1965ஆம் ஆண்டில் டி.பி. 5 வண்டியைத் தொடர்ந்து டி.பி. 6 வந்தது. அது சற்று நீளமானது. பின்னிருக்கையில் இடம் கூடியது. மிகுவேகத்தில் நிலத்தை நன்கு பற்றிச் செல்வது. வண்டி என்ற முறையில் அது திருந்திய படைப்பு. எனினும் அதன் விலை டி.பி. 5 வண்டியின் விலைக்கு மிகத் தாழ்ந்தே நிற்கின்றது. அவ்வாறே 1966ஆம் ஆண்டில் பின்னிருக்கையோடு வந்த ஈ-டைப், பயனில் மேம்பட்டதாயினும் விலையில் தாழ்ந்தது. ஓட்டுவதற்குக் கடினமான முதற் சில நூறு ஈ-டைப் வண்டிகளே, முன்மூடியின் பூட்டு வெளிப்புறத்தில் இருந்தது போன்ற சிறு அடையாளங்களுக்காக, உயர்ந்த விலை பெறுகின்றன. புகழுக்கு விலை கொடுக்க விரும்பாதவன், இதனை அறிந்துகொண்டால், பெருந்தொகையை மிச்சப்படுத்தலாம்.

இனி, வாங்குபவன் தவறாது ஆராய வேண்டிய பகுதிக்கு வருவோம். ஈ-டைப் வண்டியின் பகை கறள். உருக்குக் கூடே பாரத்தைத் தாங்குகின்றமையால், கதவின் கீழுள்ள பக்கப் பெட்டிகளிலும் தளத்திலும் கறள் பிடித்தால், அழகு கெடுவதோடு அமையாது. வண்டியின் முதுகெலும்பே வலுவிழந்துவிடும். முன்சட்டகத்துக் குழாய்கள் உள்ளிருந்தே கறள் பிடிப்பன; வெளியே பளபளக்கும் வர்ணம் அதனை மறைத்து நிற்கும். பழைய கறளின்மேல் புதிய தகட்டை ஒட்டி வர்ணம் பூசி விற்போரும் உளர். ஆனால் ஓர் ஆறுதல் உண்டு. தொகையாகச் செய்யப்பட்ட வண்டியாதலின், அதன் உதிரிப்பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்பட்டுத் தாராளமாகக் கிடைக்கின்றன. அதன் எஞ்சின் வகை, வேறு வண்டிகளிலே, 1992ஆம் ஆண்டு வரையிற் பயன்பட்டது. ஆகையால் அதனை அறிந்த கம்மியரும் அருகிவிடவில்லை.

டி.பி. 5 வண்டியின் பகை மறைவானது. அலுமினியம் கறள் பிடியாது என்று எண்ணி ஏமாறுவோர் பலர். அலுமினியத் தகடும் உருக்குக் குழாயும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், அவ்விரு உலோகங்களுக்கிடையே மின்கலத்தில் நிகழ்வதைப் போன்ற தாக்கம் உண்டாகின்றது. அலுமினியம் வெண்பொடியாக உதிர, வர்ணம் கொப்புளித்து எழும். கொப்புளம் கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே நோய் முற்றியிருக்கும். அடித்தளத்தின் உருக்கும் வழக்கம்போலக் கறள் பிடிக்கும். இவற்றைத் திருத்துவதற்குத் தோலைக் கழற்றி எலும்பைத் திருத்தி, மீண்டும் கையினாலே தகடு தட்டிப் போர்த்த வேண்டும். அக்கைத்தொழில் வல்லோர் சிலரே. அவர்கள் செலவிடும் நேரமோ மிகப் பெரிது. எனவே மலிவாகக் கிடைத்த கெட்ட டி.பி. 5, நல்ல வண்டி ஒன்றின் விலையைத் திருத்தச் செலவாகவே விழுங்கிவிடக்கூடும்.

வண்டியின் உடலைப் போலவே அதன் சான்றும் ஆராயத்தக்கது. ஒவ்வொரு வண்டிக்கும் சட்டத்திலும் எஞ்சினிலும் இலக்கங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளிலிருந்து, அவ்விலக்கங்களும், முதலிற் பூசிய நிறமும், அனுப்பப்பட்ட நாடும் அடங்கிய அத்தாட்சியைப் பெறலாம். ஜாகுவார் வண்டிகளுக்கு இப்பணியை ஜாகுவார் டெய்ம்லர் மரபுரிமை நிதியம் செய்துவருகின்றது. ஈ-டைப் வண்டிகளிற் பெரும்பகுதி அமெரிக்காவுக்குச் சென்றவை. அங்கிருந்து திரும்பி, இடப்பக்கச் சுக்கானை வலப்பக்கத்துக்கு மாற்றப்பெற்ற வண்டிகள் பல. மாற்றியது குற்றமன்று, மறைத்து விற்பதே குற்றம். டி.பி. 5 வண்டிகளிலோ, திரைப்படத்தின் புகழைக் கருதி, வேறு நிறத்தோடு பிறந்தவை வெள்ளிநிறம் பூண்டு நிற்பதும் உண்டு. அத்தாட்சியைக் கேட்டு, அதனை இலக்கங்களோடு ஒப்பிட்ட பின்னரே பணத்தை எண்ணிக் கொடுத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஆழ்ந்த கேள்வி ஒன்று எழுகின்றது. 1963ஆம் ஆண்டில் ஜாகுவார் நிறுவனம், பந்தயத்துக்கென அலுமினிய உடலுள்ள பதினெட்டு ஈ-டைப் வண்டிகளைத் திட்டமிட்டுப் பன்னிரண்டை மாத்திரம் செய்தது. எஞ்சிய ஆறையும் செய்து முடிக்கப்போவதாக 2014ஆம் ஆண்டில் அறிவித்துச் செய்தும் கொடுத்தது. அஸ்டன் மார்ட்டின் நிறுவனம், திரைப்பட வண்டியின் பிரதிகளாக இருபத்தைந்து டி.பி. 5 வண்டிகளைச் செய்யப்போவதாக 2018ஆம் ஆண்டில் அறிவித்தது. ஒன்றின் விலை, வரி நீங்கலாக, 27½ இலட்சம் பவுண். தெருவில் ஓட்டுவதற்கு அவற்றுக்கு உரிமை இல்லை. பிறந்த இடத்திலேயே, பழைய முறையைத் தழுவிச் செய்யப்பட்ட புதிய வண்டி இவ்வளவு விலை பெறுமாயின், பழைய வண்டியிடம் மாத்திரம் இருப்பது யாது? அதன் வயதும், அது கடந்துவந்த வழியுமே. முதற்சொந்தக்காரன் அமர்ந்து மெருகேறிய தோலும், கைபட்டுத் தேய்ந்த சுக்கானும், அன்றைய தொழிலாளி தட்டிய சுத்தியலின் தழும்பும் புதிதாகச் செய்ய முடியாதவை. அவற்றையெல்லாம் களைந்தெறிந்து, கண்ணாடிபோல் மினுக்கி வைப்பவன், தான் விலைகொடுத்து வாங்கிய பொருளைத் தானே அழித்தவனாகின்றான். பழைய வாகனங்களைப் பேணும் உலகச் சம்மேளனம் 2012ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும், புதுப்பித்தலிலும் பேணுதலே முதன்மையானது என்றும், வண்டி ஓடும் நிலையில் இருத்தல் வேண்டும் என்றும் வற்புறுத்துகின்றது.

ஓடும் நிலையில் வைத்திருப்பதும் எளிதன்று. நின்ற வண்டியில் பிரேக்குகள் இறுகும். றப்பர் முத்திரைகள் உலரும். எண்ணெய் வடிந்து எஞ்சினின் உட்பாகங்கள் காய்ந்து நிற்கும். பிரித்தானியாவில் 2021ஆம் ஆண்டு தொடக்கம் சாதாரண பெற்றோலிற் பத்து விழுக்காடு வரை எதனோல் சேர்க்கப்படுகின்றது. அஃது ஈரத்தை உறிஞ்சும். பழைய றப்பர்க் குழாய்களை அரிக்கும். ஆதலின் குழாய்களை மாற்றுதலும், எதனோல் குறைந்த பெற்றோலைத் தேடி வாங்குதலும், மாதத்துக்கு ஒரு முறையேனும் எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரையில் ஓட்டுதலும் சொந்தக்காரனுடைய கடமைகளாகும்.

இவற்றை எல்லாம் சீர்தூக்கிப் பார்த்தால், இருவேறு சேகரிப்பாளருக்கு இருவேறு விடைகள் கிடைக்கின்றன. வண்டியைத் தானே ஓட்டவும், தன் கையாலே சிறு திருத்தங்களைச் செய்யவும், பாகம் கெட்டால் கவலையின்றி வேறு பாகம் வாங்கவும் விரும்புபவனுக்கு ஈ-டைப்பே ஏற்றது, அதனுள்ளும் 4.2 லீற்றர் எஞ்சினுள்ள வண்டி சிறந்தது. நியூயோர்க் நகரத்து நவீன கலைக் காட்சிச்சாலை 1996ஆம் ஆண்டிலே தன் தொகுப்பிற் சேர்த்துக்கொண்ட அதே அழகு, அவனுடைய கொட்டகையிலும் நிற்கும். கைத்தொழிலின் அருமையை உணர்ந்து, அத்தொழில் வல்லோருக்கு ஆண்டுதோறும் உரிய கூலியைக் கொடுக்கக்கூடிய செல்வமும் பொறுமையும் உடையவனுக்கு டி.பி. 5 தகும். அவன் கொடுக்கும் கூலியினாலேதான் தகடு தட்டும் அந்தத் தொழிலும் அடுத்த தலைமுறையைச் சென்றடைகின்றது. அத்துணைச் செல்வமில்லாது அந்த எஞ்சினின் ஓசையை மாத்திரம் விரும்புபவன் டி.பி. 6 வண்டியைத் தேடுதல் அறிவுடைமை.

இரண்டில் எதனை வாங்கினும், வாங்கியவன் அதன் கடைசிச் சொந்தக்காரன் அல்லன். இவ்வண்டிகள் அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. முறையாகப் பேணினால் இன்னும் அறுபது ஆண்டுகள் ஓடும். தான் செய்த திருத்தங்களை ஒன்றும் மறைக்காமல் எழுதிவைத்து, கழற்றிய பழைய பாகங்களை எறியாது பெட்டியிலிட்டு, வண்டியோடு அவற்றையும் அடுத்தவன் கையில் ஒப்படைப்பவனே நல்ல சேகரிப்பாளன். அக்குறிப்பேடும் அப்பெட்டியும் உள்ள வண்டியை வாங்குபவன், அது ஜாகுவாராயினும் அஸ்டன் மார்ட்டினாயினும், நல்ல வண்டியையே வாங்கியவனாவான்.